ஓய்வுபெற்ற கம்ப்யூட்டர்களின் ஞாபகசக்தி

ஒரு ஸ்தாபனம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறதென்றால், அதற்கு முன்னால் எத்தனை ஆலோசனைக் கூட்டங்கள், எத்தனை விலைப்புள்ளிகள், எத்தனை கையெழுத்துகள்! எந்தக் கம்பெனிச் சரக்கு, எத்தனை வருஷ உத்தரவாதம், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்றெல்லாம் அலசி ஆராய்ந்து வாங்கி, பெட்டி வந்து இறங்கிய தினமே அதன் எண்ணை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, முதுகிலே ஒரு சீட்டையும் ஒட்டிவிடுகிறார்கள். அதே இயந்திரம் நாலைந்து வருஷம் ஓயாமல் உழைத்து, வேகம் குறைந்து, மேஜையை விட்டு இறக்கப்பட்டு, மாடிப்படிக்கு அடியிலோ பூட்டிக் கிடக்கும் பின்னறையிலோ போய்ச் சேரும்போது, அது என்னவாயிற்று என்று கேட்க நாதியில்லை. கணக்கு இலாகாவின் புத்தகத்தில், தேய்மானம் போக, அதன் மதிப்பு பூஜ்யம். கம்ப்யூட்டர் இலாகாவுக்கு அது இடத்தை அடைக்கும் சாமான். கட்டடத்தைப் பராமரிப்பவருக்கோ ஆயுத பூஜைக்கு முன்னால் ஒழித்துக்கட்ட வேண்டிய குப்பை. ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் தேய்மானக் கணக்கு எதையும் அறியாது. சம்பளப் பட்டியலும், வாடிக்கையாளர்களின் விலாசமும், நோயாளிகளைப் பற்றி வைத்தியர் எழுதிய குறிப்பும், வங்கிக் கணக்கு விவரங்களும், எழுதப்பட்ட நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே அதில் இருக்கின்றன.

இந்த அலட்சியத்தின் விலை என்ன என்பதை டாலர் கணக்கில் உலகுக்குத் தெரியப்படுத்திய ஸ்தாபனம், அமெரிக்காவின் பெரிய முதலீட்டு நிறுவனங்களில் ஒன்றான மார்கன் ஸ்டான்லி. 2016-ஆம் வருஷத்தில் அந்நிறுவனம், தன்னுடைய செல்வந்த வாடிக்கையாளர்களின் கணக்குகளைத் தாங்கிக்கொண்டிருந்த இரண்டு தரவு மையங்களை மூடியது. அங்கிருந்த ஆயிரக்கணக்கான சர்வர்களையும் ஹார்டு டிஸ்க்குகளையும் அப்புறப்படுத்தும் வேலையை, வீட்டுச் சாமான்களையும் அலுவலகச் சாமான்களையும் ஏற்றி இறக்கிக் கிடங்கில் வைத்துக்கொடுக்கும் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தது. மேஜை நாற்காலிகளைக் கீறல் படாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அந்தக் கம்பெனிக்கு எவ்வளவு அனுபவம் இருந்திருந்தாலும், ஹார்டு டிஸ்க்கில் உள்ள விவரங்களை அழிக்கும் தொழிலில் துளியும் அனுபவம் கிடையாது. சாமான்கள் வேறொருவர் கைக்கு விற்கப்பட்டன. அவரிடமிருந்து இணைய ஏலத்துக்குப் போயின. ஏலத்தில் எடுத்தவர்கள் தத்தம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் வரவழைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த விவரங்கள் மட்டும் இடம் மாறவேயில்லை.

அடுத்த வருஷம் ஓக்லஹோமா மாகாணத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர் ஆலோசகர் மார்கன் ஸ்டான்லிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். ஏலத்தில் நான் வாங்கிய ஹார்டு டிஸ்க்குகளில் உங்கள் நிறுவனத்தின் விவரங்கள் இருக்கின்றன, என்னால் அவற்றைப் பார்க்க முடிகிறது என்று தெரிவித்துவிட்டு, இவ்வளவு பெரிய நிதி நிறுவனம் பழைய சாதனங்களை விற்கும்போது விவரங்கள் அழிக்கப்பட்டதற்கு ஓர் அத்தாட்சியாவது கேட்டு வாங்கியிருக்க வேண்டாமா என்ற பொருளில் கொஞ்சம் கண்டித்தும் எழுதியிருந்தார். அந்த மனிதர் யோக்கியர். அதனால் கடிதம் எழுதினார். மற்ற டிஸ்க்குகளை வாங்கியவர்கள் எழுதவில்லை என்பதைக் கொண்டு என்ன முடிவுக்கு வருவது என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். நிறுவனம் பிற்பாடு சிலவற்றைத் தேடிப் பிடித்து மீட்டது. பெரும்பாலானவை இன்றுவரை அகப்படவில்லை.

அபராதங்கள் வரிசையாக வந்தன. 2020 அக்டோபரில், தேசிய வங்கிகளை மேற்பார்வையிடும் அமெரிக்க அரசாங்க அலுவலகம் 6 கோடி டாலர் விதித்தது. 2022 செப்டம்பரில் பங்குச் சந்தை ஆணையம் மூன்றரைக் கோடி டாலர் விதித்தது; பாதிக்கப்படக்கூடிய வாடிக்கையாளர்கள் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் என்று தன் உத்தரவில் குறிப்பிட்டது. வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு இன்னொரு 6 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று. 2023-இல் ஆறு மாகாணங்களின் அரசாங்க வக்கீல்கள் சேர்ந்து மேலும் 65 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டார்கள். இவ்வளவுக்கும் நடுவில், கிளை அலுவலகங்களின் பழைய சர்வர்களை மாற்றிய பிறகு கணக்கெடுத்துப் பார்த்ததில், 42 சர்வர்களைக் காணோம் என்ற சமாசாரமும் வெளிப்பட்டது. அந்த இயந்திரங்களிலே விவரங்களைச் சங்கேத மொழியாக மாற்றிப் பூட்டி வைக்கும் வசதி ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. வருஷக்கணக்கில் அதை யாரும் முடுக்கிவிடவில்லை. முடுக்கிவிட்டிருந்தால், தொலைந்தவை வெறும் இரும்புப் பெட்டிகளாகப் போயிருக்கும்.

இந்த வழக்கில் என் கவனத்தைக் கவர்ந்தது அபராதத் தொகையன்று. தவறு நேர்ந்த இடந்தான். தரவு மையம் ஓடிக்கொண்டிருந்தவரை அதற்குக் காவலாளி உண்டு, கதவு உண்டு, காமிரா உண்டு, இரவில் அகாலத்தில் யார் உள்ளே நுழைந்தார் என்பதற்குக் குறிப்பு உண்டு. டிஸ்க்கை நசுக்கித் தூளாக்கும் ஆலையிலும் அநேகமாக அதே ஏற்பாடுகள் உண்டு. இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்த நிமிஷத்துக்கும், ஆலையின் வாயில் அதைப் போட்ட நிமிஷத்துக்கும் இடையே கிடக்கும் சில வாரங்களில்தான், சில ஸ்தாபனங்களில் சில வருஷங்களில்தான், அதற்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் இல்லை. விஷயம் முழுவதும் அந்த இடைவெளியில் அடங்கியிருக்கிறது. அழிப்பதற்கு வேண்டிய யந்திரங்களும் முறைகளும் உலகில் தாராளமாகக் கிடைக்கின்றன. எதை அழித்தோம், எத்தனையை அழித்தோம், எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று சொல்லக்கூடிய ஒரு பதிவேடுதான் அரிதாக இருக்கிறது.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்ததைக் கேட்டால் இது விளங்கும். 2010-இல் அங்கே ஏறக்குறைய 1000 ஹார்டு டிஸ்க்குகளை அழிக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகம் அந்த வேலையைத் தனக்குக் கம்ப்யூட்டர் சேவை செய்யும் அமைப்பிடம் விட்டது. அந்த அமைப்பு ஒரு கம்பெனியிடம் விட்டது. அந்தக் கம்பெனி ஒரு தனி நபரிடம் விட்டது. அந்த நபர் ஐந்து நாள் ஆஸ்பத்திரிக்கே வந்து வேலை செய்தார். டிஸ்க்குகள் இருந்த அறைக்கு ரகசிய எண் போட்டுத் திறக்கும் பூட்டு உண்டு; அந்த எண் அவருக்குத் தெரியாது என்றே நம்பப்பட்டது; பெரும்பாலான நேரம் பக்கத்தில் ஓர் ஊழியரும் இருந்தார். இருந்தும், குறைந்தது 252 டிஸ்க்குகள் அவர் மூலம் வெளியேறி, அவற்றில் பல இணைய ஏலத்தில் விலைபோயின. எப்படி வெளியேறின என்பதை நிர்வாகத்தால் கடைசிவரை விளக்க முடியவில்லை. இடைவேளைகளில் அவர் கட்டடத்தை விட்டு வெளியே போய் வந்திருக்கக்கூடும், ஆஸ்பத்திரியோ பொதுஜனங்கள் நடமாடும் இடம் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். அந்த டிஸ்க்குகளில் இருந்தவை, எய்ட்ஸ் கிருமி தொற்றியவர்களும் பால்வினை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களும் வைத்தியரை நம்பிச் சொன்ன அந்தரங்கங்கள். 2012-இல் விதிக்கப்பட்ட அபராதம் 3,25,000 பவுன்.

காலையில் அறைக்குள் எத்தனை டிஸ்க்குகள், மாலையில் தூளானவை எத்தனை, மீதி எத்தனை என்று மூன்று எண்களை ஒரு காகிதத்தில் எழுதியிருந்தால், முதல் நாள் மாலையிலேயே அகப்பட்டிருக்கும். ஒரு மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை செய்கிற வேலை இது!

அதே நாட்டில் சர்ரே மாவட்டத்துச் சுகாதார அமைப்பின் கதை இன்னும் விசித்திரமானது. பழைய கம்ப்யூட்டர்களைக் கட்டணமே இல்லாமல் எடுத்துக்கொண்டு விவரங்களையும் அழித்துத் தருகிறோம், உதிரிபாகங்களை விற்று வரும் காசு எங்களுக்கு என்று ஒரு கம்பெனி சொல்ல, அமைப்பு சம்மதித்துவிட்டது. எழுத்து மூலமான ஒப்பந்தம் கூடச் சரியாக இல்லை. பிற்பாடு யாரோ ஒருவர் இணையத்தில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் 3000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்கள் இருந்தன. குழந்தைகளின் விவரங்களும் அவற்றில் அடக்கம். விசாரணை வந்தபோது, முதல் ஒரு வருஷ காலத்தில் எத்தனை இயந்திரங்களைக் கொடுத்தார்கள் என்பதற்கான தஸ்தாவேஜுகளே தொலைந்துபோயிருந்தன. 2013-இல் 2,00,000 பவுன் அபராதம். இலவசமாக அழித்துத் தருகிறேன் என்பவருக்கு லாபம் அழிப்பதில் இல்லை, விற்பதில் இருக்கிறது என்பது யோசித்தால் புரியக்கூடிய விஷயம். ஆனால் பட்ஜெட் பார்க்கும் அதிகாரிக்கு 'இலவசம்' என்ற சொல் காதில் விழுந்த பிறகு யோசனை ஓடுவதில்லை.

சரி, அழிப்பது என்றால் என்ன? கம்ப்யூட்டரில் ஒரு கோப்பை நீக்கிவிட்டுக் குப்பைத் தொட்டியையும் காலி செய்தவர், காரியம் முடிந்தது என்று நிம்மதியாக எழுந்து போகிறார். உண்மையில் அவர் செய்தது, வீட்டு வாசலில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றியது மட்டுமே. குடியிருப்பவர் உள்ளேதான் இருக்கிறார். கோப்பு இன்ன இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பு போய்விட்டது. அந்த இடத்தின் மேல் வேறெதுவும் எழுதப்படும்வரை கோப்பு போகவில்லை. சாதாரணமாக 'ஃபார்மேட்' செய்தாலும் பெரும்பாலும் கதை இதுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபின்கல், அபி ஷெலாட் என்ற இருவர், 2000-க்கும் 2002-க்கும் இடையில் பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158 வாங்கிப் பரிசோதித்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓடும் நிலையில் இருந்தவை 129; அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து அவர்கள் எடுத்தவற்றில் 5000-க்கு மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் இருந்தன. இல்லினாய் மாகாணத்தில் எங்கோ ஒரு பணம் தரும் ஏ.டி.எம். இயந்திரத்துக்குள் இருந்த டிஸ்க்கும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

சுழலும் தகடுகள் கொண்ட பழைய ரக டிஸ்க்கை அழிக்க, அதன் மேல் முழுவதுமாக ஒருமுறை வேறு எதையாவது எழுதினால் போதும். இதை நம்பாதவர்கள் அநேகர். நியூசிலாந்தின் பீட்டர் கட்மன் 1996-இல் எழுதிய கட்டுரையில், அக்காலத்தில் வழங்கிய வெவ்வேறு ரக டிஸ்க்குகள் அனைத்தையும் மனத்தில் கொண்டு, 35 விதமாக மேலெழுதும் ஒரு முறையை விவரித்தார். படித்தவர்கள், எந்த டிஸ்க்காக இருந்தாலும் 35 தடவையும் எழுதித் தீர வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். பேயோட்டும் மந்திரத்தை உருப்போடுவதைப் போல இதைச் செய்கிறார்களே என்று கட்மன் பிற்காலத்தில் தாமே அங்கலாய்க்கும்படி ஆயிற்று. இன்று உலகெங்கும் பிரமாணமாகக் கொள்ளப்படுவது, அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2006-இல் முதலில் வெளியிட்டு 2014-இலும் 2025-இலும் திருத்திய 800-88 என்ற வழிகாட்டி. துடைத்தல், ஆய்வுக்கூட உபகரணங்களாலும் மீட்க முடியாதபடி களைதல், சாதனத்தையே நாசமாக்குதல் என்று மூன்று படிகளை அது வகுத்துவைத்து, விவரத்தின் அந்தரங்கத்தைப் பொறுத்து எந்தப் படி வேண்டும் என்பதை ஸ்தாபனமே தீர்மானிக்கச் சொல்கிறது.

தகடு இல்லாத எஸ்.எஸ்.டி. வந்த பிறகு பழைய பாடங்களில் பாதி செல்லாமல் போயின. அதன் சில்லுகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆகையால் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, புதிதாக எழுத வந்ததை வேறிடத்தில் எழுதிக்கொண்டு, பழையதை அப்படியே விட்டுவைக்கிறது. நம் கண்ணுக்குப் புலப்படாத உபரி இடமும் அதனிடம் உண்டு. மேலே எழுதிவிட்டோம் என்று நாம் நினைக்கும்போது அது பக்கத்தில் எழுதியிருக்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் இதைப் பரிசோதித்து, தனி ஒரு கோப்பை மட்டும் அழிக்கும் முறைகளில் ஒன்றும் எஸ்.எஸ்.டி.யில் பலிக்கவில்லை என்றும், உற்பத்தியாளர்களே உள்ளே வைத்த அழிப்புக் கட்டளைகள் சிலவற்றில் சரியாக வேலை செய்யவில்லை என்றும் கண்டார்கள். பலத்த காந்தத்தைக் காட்டி அழிக்கும் இயந்திரம் தகடு டிஸ்க்குக்கு எமன்; எஸ்.எஸ்.டி. காந்தத்தால் எழுதுவதில்லையாதலால் அதை ஒன்றும் செய்வதில்லை. கையில் இருப்பது எந்த ரகம் என்று பதிவேட்டில் குறிக்காத ஸ்தாபனம், இரண்டையும் ஒரே காந்தத்தில் காட்டிவிட்டு இரண்டுக்கும் சான்றிதழ் வாங்கிக்கொள்ளும். எஸ்.எஸ்.டி.க்கு உத்தமமான வழி, வாங்கிய நாளிலிருந்தே எல்லாவற்றையும் சங்கேதமாக்கி எழுதச் செய்து, ஓய்வு கொடுக்கும் நாளில் அந்தச் சங்கேதத்தின் சாவியை மட்டும் அழித்துவிடுவது. சாவி போனால் உள்ளே இருப்பது அர்த்தமற்ற எழுத்துக் குவியல். ஆனால் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். பெரும்பாலான அலுவலகங்களில் பதிவேடு இல்லாமல் இல்லை. அது பெட்டியின் பதிவேடாக இருக்கிறது, டிஸ்க்கின் பதிவேடாக இல்லை. ஒரு சர்வரில் பத்துப் பன்னிரண்டு டிஸ்க்குகள் இருக்கலாம். நடுவில் ஒன்று பழுதாகி மாற்றப்பட்டிருந்தால், கழற்றிய டிஸ்க் யாருடைய மேஜை டிராயரிலோ கிடக்கும். பெட்டிக்குச் சீட்டு உண்டு, சீட்டுக்கு எண் உண்டு. டிராயரில் கிடப்பதற்கு எண்ணும் இல்லை, கேட்பாரும் இல்லை. ஒழுங்காக நடத்துகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், இயந்திரத்தை நிறுத்திய அன்றே அதன் எண்ணையும், அதனுள்ளிருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கின் எண்ணையும் தனித்தனியே குறித்துக்கொண்டு, டிஸ்க்குகளைப் பூட்டிய பெட்டியில் போட்டு எண்ணிட்ட முத்திரை வைத்து, கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கொடுத்தவர், வாங்கியவர் இருவர் கையெழுத்தையும் நேரத்தோடு வாங்கி, கடைசியில் அழித்தவரிடமிருந்து வரும் சான்றிதழை முதல் பட்டியலோடு எண்ணுக்கு எண் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 'இத்தனை கிலோ கம்ப்யூட்டர் கழிவு பெற்றுக்கொண்டோம்' என்று எடைக் கணக்கில் வரும் ரசீதை அவர்கள் ஏற்பதில்லை. பழைய இரும்புக்கு எடை போதும்; ஒரு டன்னில் ஒரு டிஸ்க் குறைந்தால் தராசு காட்டிக்கொடுக்காது. துடைக்கப்பட்டவற்றில் சிலவற்றை எடுத்து, துடைத்தவர் அல்லாத வேறொருவரைக் கொண்டு சோதித்துப் பார்ப்பதும் உண்டு.

இவ்வளவு ஜாக்கிரதையும் கம்ப்யூட்டர் என்று பெயர் சூட்டப்பட்டவற்றோடு நின்றுவிடுகிறது என்பது வேறொரு சங்கடம். ஜெராக்ஸ் இயந்திரத்துக்குள்ளே ஹார்டு டிஸ்க் இருக்கிறதென்பதை எத்தனை மேலாளர்கள் அறிவார்கள்? 2010-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் நிருபர்கள் நியூஜெர்சியில் ஒரு கிடங்குக்குப் போய்ப் பழைய நகல் இயந்திரங்கள் நான்கை வாங்கி, டிஸ்க்கைக் கழற்றிப் படித்துப் பார்த்தார்கள். பஃபலோ நகரத்துப் போலீஸாரின் பாலியல் குற்ற விசாரணைக் காகிதங்கள் ஒன்றில் இருந்தன. வாடகைக்கு எடுத்துத் திருப்பி அனுப்பப்பட்ட இன்னொரு இயந்திரத்தில், நியூயார்க்கின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு ஸ்தாபனத்தின் நோயாளி விவரங்கள் இருந்தன. பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 3,44,579 பேர் என்று அந்த ஸ்தாபனமே கணக்கிட்டது. 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. வாடகை இயந்திரம் என்பதால் அது இருப்புப் பதிவேட்டில் ஏறாது. ஏறாதது இறங்குவதும் தெரியாது. இதே கதி ரூட்டர்களுக்கும் நேர்கிறது.

வெளியேறிய பொருள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2009-இல் ஓர் உதாரணம் கிடைத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் தொழில் பயின்ற மாணவர்கள், மின்னணுக் கழிவு போகும் வழியைத் தொடர்ந்துகொண்டே மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்குப் போனார்கள். துறைமுக நகரமான தேமாவின் சந்தையில் 40 டாலருக்கு ஒரு பழைய டிஸ்க்கை வாங்கினார்கள். நார்த்ராப் க்ரம்மன் என்ற அமெரிக்க ராணுவத் தளவாட நிறுவனத்தின் அரசாங்க ஒப்பந்தக் காகிதங்கள் அதில் இருந்தன. நிறுவனம் தெரிவித்த சமாதானம் கவனிக்கத்தக்கது: கழிவை அப்புறப்படுத்த அமர்த்திய ஒப்பந்தக்காரர் கைக்குப் போன பிறகு அது திருடப்பட்டிருக்கலாம் என்றார்கள். நான் முன்பு சொன்ன அதே இடைவெளி.

இதையெல்லாம் கேட்டுப் பயந்துபோய், பழைய இயந்திரம் எதுவாயினும் பெட்டியோடு தூளாக்கிவிடுவதே க்ஷேமம் என்று முடிவுகட்டும் ஸ்தாபனங்களும் உண்டு. அது எனக்குச் சம்மதமில்லை. 2022-இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதந்தான் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்கிறது. மூன்று வருஷம் ஓடிய லேப்டாப், டிஸ்க்கைச் சரியாகத் துடைத்தால், ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இன்னும் சில வருஷம் ஓடும். துடைத்ததை நிரூபிக்கப் பதிவேடு இல்லாதவர்களே சம்மட்டியைத் தேடுகிறார்கள்.

நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் தேதி முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள், அட்டவணையில் கண்ட சாதனங்களை ஒரு வருஷத்தில் ஆயிரமோ அதற்கு மேலோ உபயோகிக்கும் ஸ்தாபனம் தன் கழிவைப் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் இவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. காயலான் கடைக்காரரை வரவழைத்து மொத்தமாக விலை பேசுவது அந்த அளவுள்ள அலுவலகத்துக்குச் சட்டப்படி ஆகாது. ஆனால் அந்த விதிகளின் நோக்கம் மண்ணையும் நீரையும் காப்பது; டிஸ்க்கில் எழுதியிருப்பதை அல்ல. அதற்கு 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. விவரங்களைத் தன் சார்பில் கையாள வேறொருவரை ஸ்தாபனம் அமர்த்தியிருந்தாலும், அவரோடு என்ன ஒப்பந்தம் எழுதியிருந்தாலும், பொறுப்பு ஸ்தாபனத்துடையதே என்றும் அது விதிக்கிறது. ஆகவே நம் அலுவலகங்களில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழிக்க டெண்டர் எழுதுகிறவர்கள், எடைக்கு எத்தனை ரூபாய் என்ற ஒரே பத்தியோடு நிறுத்தாமல், டிஸ்க்கின் எண்வாரியாகச் சான்றிதழ், அழிக்கும் இடத்துக்கு எங்கள் ஆள் வந்து பார்க்க அனுமதி, எங்களைக் கேட்காமல் உள்குத்தகைக்கு விடக்கூடாது என்ற மூன்று நிபந்தனைகளையும் சேர்த்து எழுதலாம். கிடைக்கும் விலை கொஞ்சம் குறையும்.